மறுபடி முயலவா என்று கேட்கும் மெஷின்

ஐயா,

முதுகு சாய்க்கிற நாற்காலியில் புதிதாக உட்கார்கிறவனுக்கு முதல் ஒரு வாரம் இடுப்பு வலிக்கும். நின்றே பழகின உடம்பு அல்லவா. அப்புறம் சரியாகிவிடும். இதைப் போய் ஏன் முதலில் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். "எதுக்காகச் செஞ்சே, ஆரம்பத்துலேர்ந்து எழுது" என்று சொல்லிப் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எனக்கு ஆரம்பம் அந்த நாற்காலிதான்.

நான் எழுதுவது மெதுவாகத்தான் வரும். எழுத்து எனக்கு நாற்பது வயது தாண்டித்தான் வந்தது. குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் என் மனைவியும் சேர்ந்தே போனோம். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் பாதியிலேயே, வீட்டில் வேலை கிடக்கிறது என்று நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. கடைப் பலகை, பஸ் பலகை, மருந்து அட்டை, கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதுகு போனபிறகு மூட்டையை விட்டுவிட்டு இந்தக் கம்பெனியில் தரை துடைக்க வந்தேன். நீங்கள் வந்து பார்த்தீர்களே, அந்த மாடிதான். அங்கே எல்லாரும் நல்லவர்கள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். துடைப்பம் பக்கத்தில் வந்தால் காலைத் தூக்குவார்கள். கண்ணைத் தூக்க மாட்டார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. மூட்டை தூக்கும்போதும் மூட்டைக்கு அடியில் இருக்கிறவன் முகத்தை யார் பார்த்தார்கள்.

அவர்கள் செய்கிற சரக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வண்டிகளில் டிரைவருக்கு முன்னால் ஒரு சின்னத் திரை இருக்கிறது. இந்த வழியாகப் போ, இங்கே திரும்பு என்று நீலக் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோடு போடுகிற புரோகிராம் எங்கள் மாடியில் எழுதுவது. ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து எழுதினாலும், கடைசியில் எல்லாம் ஒரே ஒரு மெஷினுக்கு வரவேண்டும். அந்த மெஷின்தான் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வண்டிகளுக்கு அனுப்பும். குடோனில் எத்தனை பேர் தைத்தாலும் முத்திரை குத்துகிற இடம் ஒன்றுதானே, அது மாதிரி. என் பக்கெட்டும் துடைப்பமும் இருந்த சின்ன அறையைக் காலி பண்ணி, ஏசி போட்டு, அந்த மெஷினை அங்கே வைத்தார்கள். பக்கெட் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. அதிலும் எனக்கு வருத்தமில்லை.

அந்த மெஷினில் இருக்கிற கருவிகள் பழசாகிவிட்டன என்று பேச்சு வந்தது. புரோகிராம் எழுதவும் கட்டவும் பயன்படுகிற கருவிகள், அதுவும் ஒரு புரோகிராம்தான். அதற்கு அப்டேட் வந்திருக்கிறது, அதை ஏற்றியே ஆகவேண்டும். பழைய கருவியில் கட்டின சரக்கை இனிமேல் வாங்கமாட்டோம், பாதுகாப்பு இல்லை என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சரி என்று ஏற்ற ஆரம்பித்தார்கள். ஏறவில்லை.

எப்படி ஏறவில்லை என்று சொல்கிறேன். திரையில் ஒரு பச்சைப் பட்டை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மெள்ள வளரும். வெளியே எங்கேயோ இருக்கிற இடத்திலிருந்து துண்டு துண்டாகக் கருவிகள் வந்து இறங்கும். நடுவில் நின்றுபோகும். ஒரு சின்னப் பெட்டி வரும். "தடை ஏற்பட்டது. மறுபடி முயலவா, விட்டுவிடவா" என்று கேட்கும். மறுபடி முயல் என்பதை அழுத்த வேண்டும். யாரும் அழுத்தாமல் கொஞ்ச நேரம் போனால் அது மனசு விட்டுப்போய், ஏற்றினதையெல்லாம் தானே இறக்கிவிடும். விடாமல் தடைப்பட்டுக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான். ஏற்றின மூட்டை அத்தனையும் இறக்கிவிட்டு லாரி காலியாக நிற்கிற மாதிரி, பட்டை பழையபடி ஆரம்பத்தில் வந்து நிற்கும்.

படித்தவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியுமா. அவர்களுக்கு மீட்டிங் இருக்கிறது. மேனேஜர் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்களுக்குப் படிக்க வருமா?"

"வரும் சார்."

"வேகமா வருமா?"

"கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

"பரவால்ல. அதுவும் மெதுவாத்தான் வருது."

இப்படித்தான் அந்த நாற்காலி எனக்கு வந்தது. வேலையை விட்டுப் போன யாரோ ஒருவருடையது. சக்கரம் வைத்தது, கை வைக்க இடம் இருக்கிறது, பின்னால் சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும். நான் உட்கார்ந்து பட்டையைப் பார்ப்பேன். பெட்டி வந்தால் படித்துவிட்டு அழுத்துவேன். துடைக்கிற வேலைக்கு ஏஜென்சியிலிருந்து வேறு ஆள் வந்தான். அவன் என் அறைக்குள் துடைக்க வந்தபோது நானும் காலைத் தூக்கினேன். அவன் முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது ஞாபகமில்லை.

வீட்டில் மனைவி கிண்டல் பண்ணுவாள். அவளுடைய தம்பி எங்களோடுதான் இருக்கிறான். அவன் ஆம்புலன்ஸ் டிரைவர். அவனிடம் சொல்லுவாள்: "உங்க மாமாவுக்கு இப்ப ஸ்டூல் ஆகாதுடா. அவர் உக்காந்தா சாயணும், சுத்தணும். நாளைக்கு நம்ம வீட்டுக் கதவைத் தட்டிட்டு உள்ள வரலாமான்னு கேட்டாலும் கேப்பாரு."

"இருக்கட்டும்க்கா. இருபத்தஞ்சு வருஷம் நின்ன மனுஷன்" என்பான் அவன். நல்ல பையன். இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

முதலில் வந்த தடைகள் என்னுடையவை அல்ல. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டை பாதி போகும், நிற்கும். நான் போய்ச் சொன்னால் நாலைந்து பேர் எழுந்து வருவார்கள். காதில் மாட்டினதைக் கழற்றிவிட்டு வருவார்கள், ஐயா. என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். "என்ன ஆச்சு அண்ணா, நீங்க பாத்ததைச் சொல்லுங்க" என்பார்கள். பட்டை இந்த இடத்துக்கு வந்தது, இந்த விளக்கு இப்படிச் சிமிட்டியது, நான் அழுத்தினேன், அது கொஞ்சம் யோசித்தது, அப்புறம் முடியாது என்றுவிட்டது என்று சொல்லுவேன். குறுக்கே பேசாமல் கேட்பார்கள். ஒருத்தர் தலையைச் சொறிந்துகொண்டே என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிஸ்கட் தட்டு வரும். அதே தட்டில் நானும் எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள், இன்ஸ்டால் அண்ணா என்று. அதுவரை என்னை ஹலோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். எல்லாரிலும் சின்னவள். நான் பாப்பா என்று கூப்பிடுவேன். அவள்தான் முதலில் காரணத்தைக் கண்டுபிடித்தது. ஒருநாள் காலையில் வந்து என் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்னென்னவோ பார்த்தாள். டீ ஆறிப்போனது. மத்தியானத்துக்கு முன்னால் சிரித்தாள்.

"ஆள் சிக்கிட்டான் அண்ணா. இந்த மெஷின்ல ஒரு காவல்காரன் இருக்கான், வைரஸ் வராம பாத்துக்கறவன். புதுசா வர்ற ஒரு ஃபைலைத் திருடன்னு நெனச்சு அமுக்கிப் பிடிச்சு வச்சுக்கறான். நாம வெளியவே தேடிட்டு இருந்தோம். கோளாறு உள்ள உக்காந்திருக்கு."

காவல்காரனிடம் இது நம்ம ஆள்தான் என்று சொல்லிவைத்தாள். பட்டை ஓட ஆரம்பித்தது. பாதியைத் தாண்டியது. முக்கால் தாண்டியது. எல்லாரும் வந்து நின்றார்கள். பாப்பா சொன்னாள், இது முடிந்தவுடன் தன்னுடைய திருத்தம் ஒன்று வண்டிகளுக்குப் போகும் என்று. ஆற்றுப் பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள் அல்லவா, அந்தப் பாலம் இல்லை என்பது வண்டித் திரைக்குத் தெரியவில்லை. மூடின பாலத்தையும் திறந்த பாலமாக எடுத்துக்கொண்டு அதன் மேலேயே கோடு போடுகிறது. "ஒரே ஒரு வரிதான், மாத்திட்டேன். போய்ச் சேரத்தான் வழியில்லாம கெடக்கு" என்றாள்.

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்புறம் என்ன, இன்ஸ்டால் அண்ணனுக்கு விடுதலை. நாளைலேர்ந்து பழையபடி உங்க வேலைக்குப் போயிடலாம்."

மரியாதையாகத்தான் சொன்னார். எல்லாரும் தங்கள் இடத்துக்குப் போனார்கள். நான் தனியாக இருந்தேன். காலை நீட்டினேன். மேசைக்கடியில் சுவரில் ஒரு சாக்கெட், அதில் நெட் கேபிள் சொருகியிருக்கும். கேபிள் நுனியில் கிளிக் என்று பிடித்துக்கொள்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கவேண்டும். அது எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. என் கால் விரல் பட்டது. பட்டை நின்றது. பெட்டி வந்தது.

அது தற்செயல். இரண்டாம் தடவை, அது தற்செயல்தானா என்று பார்ப்பதற்காகச் செய்தேன். மூன்றாவது தடவைக்கு எனக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

கால் எடுத்தால் இணைப்பு வந்துவிடும், வைத்தால் போய்விடும். திரையில் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வரும். அதைப் படித்துவிட்டு அவர்கள் நெட் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். நெட் கம்பெனிக்காரர்கள் தங்கள் லைன் சுத்தம், கட்டடத்தில்தான் கோளாறு என்றார்கள். கட்டடத்துக்காரர், நாங்கள் சுவர் மட்டும்தான் கொடுத்தோம் என்றார். வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். காலையிலிருந்து மத்தியானம்வரை நின்றுகொண்டே பார்த்தார். கடைசியில், அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றார். நான்தான் அணைத்துவிட்டுப் போட்டேன். மேசைக்கடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. குனிகிற வேலைக்கு வேறு ஆள் என்று அவர்களுக்குப் பழக்கம்.

உள்ளதைச் சொன்னால், ஐயா, அந்த மாடியில் யாருக்கும் அது முடிய வேண்டும் என்ற அவசரம் இல்லை. மேனேஜர் தினமும் பத்து நிமிஷக் கூட்டம் என்று ஒன்று வைத்தார். சாப்பாட்டு நேரம்வரை போகும். மேலிடத்திலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரித்தார்களாம், அதில் அவருக்கு முகமே மாறிவிட்டது. மற்றவர்கள், அப்டேட் முடியட்டும், அதுவரை எங்கள் வேலை நகராது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடித்தார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் முகம் கொடுத்துப் பேசினார்கள். பிறந்தநாள் எப்போது என்று கேட்டுக்கொண்டார்கள். நான் அந்த மாடிக்கு நல்லது செய்வதாகத்தான் எனக்குத் தோன்றியது.

என் மைத்துனன் ஒருநாள் சாப்பிடும்போது தட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"என்னடா?" என்றாள் அவன் அக்கா.

"இன்னிக்கு ஒருத்தர் வண்டியிலேயே போயிட்டார்க்கா. நெஞ்சு வலி. கடை வச்சிருக்கறவர். திரை பாலத்து வழியாப் போன்னு சொல்லுது. பாலம் எங்க இருக்கு, இடிச்சுப் போட்டிருக்கான். அங்க வரைக்கும் போய்த் திரும்பினா ரெண்டு லாரி குறுக்க நிக்குது. அவர் பொண்ணு பின்னாடி உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்துச்சு."

"உனக்குத்தான் வழி தெரியுமே. வேற வழியா ஓட்ட வேண்டியதுதானே."

"கோட்டை விட்டு விலகினா வண்டி கத்தும்க்கா. ஆபீசுக்குத் தகவல் போயிடும். ஏன் விலகினேன்னு எழுதிக் குடுக்கணும். ரெண்டு தடவை எழுதிக் குடுத்தா வண்டியைப் பிடுங்கிடுவாங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினான். "மாமா, உங்க ஆபீஸ்லதானே அதைச் செய்யறாங்க. யார்கிட்டயாவது சொல்லுங்களேன். நீங்க சொன்னா இப்ப கேக்கறாங்கல்ல."

"சொல்றேன் மாப்ளே. நீ சாப்பிடு, ஆறிடப்போகுது" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க நான் பார்க்கவில்லை. பாப்பாவின் ஒரு வரி எனக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கிறது, அது போய்ச் சேர்ந்தால் என் மைத்துனன் வண்டி நேராகப் போகும் என்பது தெரிந்தேதான் மறுநாள் உட்கார்ந்தேன். இன்றைக்கு விட்டுவிடலாம், போகட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பட்டையும் நன்றாகத்தான் போயிற்று. முக்கால் தாண்டினபோது எனக்குப் பக்கெட்டின் கைப்பிடி ஞாபகம் வந்தது. இன்னும் ஒருநாள் போனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் ஒருநாள்தானே, ஐயா. ஒருநாளுக்கு மேல் நான் எப்போதும் கேட்டதில்லை.

பாப்பாவுக்கு மட்டும் சந்தேகம். மனிதர் மேல் இல்லை, கேபிள் மேல். "புதுக் கேபிள் போட்டுப் பாப்போம் சார்" என்றாள். கேபிள் வாங்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருத்தர் லீவு. அவள் பொறுக்கவில்லை. தன் வீட்டிலிருந்தே ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நீல நிறம். அவளே மேசைக்கடியில் புகுந்து சொருகினாள். அந்த மாடியில் குனிந்த ஒரே ஆள் அவள்தான். கிளிக் என்று சத்தம் கேட்டது.

"இனிமே இழுத்தாலும் வராது அண்ணா" என்று தலையில் ஒட்டின தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "டீ குடிச்சுட்டு வந்து பாக்கறேன்."

அந்த பிளாஸ்டிக் நாக்கை ஒடிக்க பலம் தேவையில்லை. நகவெட்டி இருந்தால் போதும். கேபிளைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, பழையது எப்படி இருந்ததோ அப்படி ஆக்கினேன், அவ்வளவுதான். அவள் டீ குடித்துவிட்டு வரும்போது பெட்டி வந்திருந்தது. அவள் முகம் வாடிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது. என் பங்கு பிஸ்கட்டை அவளிடம் நீட்டினேன். வேண்டாம் அண்ணா என்றாள்.

மறுநாள் அவள் வேறொன்று சொன்னாள். "இதுக்கு ஏன் ஆள் உக்காரணும்? பெட்டி வந்தா தானா அழுத்தற மாதிரி சின்னதா ஒண்ணு எழுதிடறேன். விட்ட எடத்துலேர்ந்து எடுத்துக்கற மாதிரியும் பண்ணிடலாம். எத்தனை தடவை அறுந்தாலும் பரவால்ல. அண்ணாவும் பாவம், எத்தனை நாள்தான் இந்த ரூம்ல குளிர்ல உக்காந்திருப்பாரு."

என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்று சாயங்காலம் மேனேஜர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார், மேலிடத்துக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று. "அண்ணே, கூடவே இருக்கறவர் நீங்கதான். இந்த இணைப்பு அறுந்து போற கோளாறு எப்பலேர்ந்து?"

"பாப்பா உள்ள என்னமோ மாத்தினாங்கல்ல சார், காவல்காரனை. அதுக்கப்புறம்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி இப்படி வந்ததில்ல சார்."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். காவல்காரனைத் தளர்த்தினது தப்பு, அனுமதியில்லாமல் வெளிக் கேபிளைச் சொருகினது அதைவிடத் தப்பு என்று முடிவு பண்ணி, அவளை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போகும்போது என் அறை வாசலில் நின்றாள். "அண்ணா, நான் எழுதினது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே புரியல" என்றாள். கண் சிவந்திருந்தது. "மனசை விட்ராத பாப்பா. கண்டுபிடிச்சுடுவாங்க" என்றேன். காவல்காரனைப் பழையபடி போடச் சொன்னார்கள். போட்டார்கள். அதோடு ஒன்றுக்கு இரண்டு கோளாறாக ஆகிவிட்டது. சில நாள் நான் காலையே நீட்ட வேண்டியிருக்கவில்லை, அது நன்றாக ஓய்வெடுத்தது. அப்புறம் யாரோ யோசித்துக் காவல்காரனை மறுபடி தளர்த்தினார்கள்.

இதற்குள் ஆம்புலன்ஸிலேயே இரண்டாவது ஆளும் போய்விட்டார். அது வேறு டிரைவர் வண்டி. அந்த வாரமே மூன்றாவது. பிரசவத்துக்குப் போன பெண் என்று நீங்கள் சொன்னீர்கள். குழந்தை பிழைத்துவிட்டது என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் மைத்துனன் அதற்குப் பிறகு திரையைத் துணி போட்டு மூடிவிட்டான். தனக்குத் தெரிந்த வழியில் ஓட்டினான். ஒரு கிழவரைச் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். வண்டி இரண்டு தடவையும் கத்தியது. வண்டியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மனைவி அழுதாள். நான் எடுத்துச் சொன்னேன். "ஆளாளுக்கு இஷ்டத்துக்கு ஓட்டினா என்ன ஆகும் மாப்ளே. ஒரு முறைன்னு இருக்குல்ல. மேல இருக்கறவங்க காரணமில்லாமலா கோடு போடறாங்க."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "கோட்டை உங்க ஆபீஸ்ல போடறாங்க மாமா. நீங்க சொல்றேன்னீங்களே, சொன்னீங்களா?"

"சொல்லியிருக்கேன். வேலை நடந்துட்டு இருக்கு" என்றேன்.

வேலையில்லாமல் இருந்ததால் அவன்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தான். அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. மாடியில் எல்லாரும் கூட்டத்தில் இருந்தார்கள். வாசலில் சொல்லிவிட்டு உள்ளே வந்து, எனக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பட்டை முக்கால் தாண்டி, அதற்கு மேலும் போய்க்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல.

"மாமா" என்றான். சத்தமே இல்லை. "காலை எடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப வந்தே?"

"காலை எடுங்க மாமா."

அவன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கடியில் புகுந்தான். என் கணுக்காலைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்கி வைக்கிற மாதிரி நகர்த்தி வைத்தான். கேபிளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்தான். "அழுத்துங்க" என்றான். "அந்தப் பெட்டில என்ன கேக்குதோ அதை அழுத்துங்க. நான் பிடிச்சுக்கறேன்."

பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி முயலவா. விட்டுவிடவா.

அவன் ஒன்றும் கேட்கவில்லை, ஐயா. ஏன் செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். திட்டியிருந்தால்கூட எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேபிளைப் பிடித்திருந்தான், வண்டிக்குள் யாருக்கோ சலைன் பாட்டில் பிடிக்கிற மாதிரி.

அந்த அறையில் வெளியாட்கள் எதையும் தொடக்கூடாது என்பது விதி. கதவிலேயே ஒட்டியிருக்கிறது, நானே படித்திருக்கிறேன். நான் போனை எடுத்துக் கீழே செக்யூரிட்டியைக் கூப்பிட்டேன். வெளியாள் ஒருவன் உள்ளே வந்து மெஷினைத் தொடுகிறான் என்றேன். இரண்டு பேர் வந்தார்கள். மேசைக்கடியிலிருந்து அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். கேபிள் அவன் கையோடு வந்துவிட்டது. "மாமா, சொல்லுங்க மாமா" என்றான். "யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று செக்யூரிட்டி என்னைக் கேட்டார். "சாப்பாடு கொண்டுவர்ற ஆள்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அவனை அழைத்துக்கொண்டு போனபிறகு நான் கேபிளைச் சொருகினேன். கூட்டம் முடிந்து எல்லாரும் வந்தார்கள். மேனேஜர் என் தோளைத் தட்டினார். இனிமேல் இந்த அறைக்கு ஒரு நிரந்தரக் கண்காணிப்பாளர் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லப்போகிறேன் என்றார். கண்காணிப்பாளர் என்ற சொல்லை நான் மனசுக்குள் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டேன். பெரிய சொல்.

அன்று வீட்டுக்குப் போனபோது மைத்துனன் இல்லை. மனைவி சாப்பாடு போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"அவன் சொன்னது நெசமா?"

"என்ன சொன்னான்?"

"என் வாயால சொல்ல வைக்காதீங்க."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள், அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்தாள். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற இந்நேரத்துல?"

"கதவைச் சாத்திக்குங்க" என்றாள்.

அவள் உங்களிடம் வந்து சொன்னது அத்தனையும் உண்மை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆமாம், என் கால்தான். வலது கால், பெருவிரல். நகவெட்டியும் என்னுடையதுதான். மூன்று பேர் என்கிறீர்கள், நான் மறுக்கவில்லை. அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து ஒரு விஷயம் சொன்னீர்கள். என்னை இங்கே கொண்டுவந்தபிறகு அந்தப் பாப்பாவைத் திரும்பக் கூப்பிட்டார்களாம், அவள் புதுக் கேபிள் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாளாம், பட்டை ஆள் இல்லாமலே ஓடி முடிந்துவிட்டதாம், அந்த ஒரு வரி எல்லா வண்டிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

நான் இதைத் தாழ்மையாகவே எழுதுகிறேன். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். முடிந்த மாதிரிதான் தெரியும். அத்தனை நாள் அதன் பக்கத்தில் இருந்தவன் நான், அதன் குணம் எனக்குத் தெரியும். பொறுப்பான ஆள் ஒருத்தர் எப்போதும் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டுமானால் போலீஸ் காவலோடு வந்து பார்த்துக்கொள்ளவும் எனக்குச் சம்மதம். அசட்டையாக விட்டுவிடாதீர்கள் ஐயா, மனித உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.